வலது கரையில் சாப்பாடு

தலைமை எழுத்தரின் கால் தரைக்கு எட்டவில்லை.

ஒரு கையால் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் அவருடையது இல்லை. மச்சினனுடையது. மச்சினன் ஆறடி உயரம். இவரை அளந்து பார்த்தவர்கள் யாருமில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும்.

"சீட்டை இறக்குப்பா," என்றார் கடைக்காரரிடம்.

"அடி வரைக்கும் இறக்கியாச்சு சார். இனிமே நீங்கதான் வளரணும்."

"வேற வழி?"

"பைப்பை அறுக்கலாம். அறுத்தா அறுத்ததுதான்."

"அறு."

அறுத்தார். முன்பு கால் தரைக்கு எட்டவில்லை. இப்போது ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாடைக்கு எட்டியது. ஆனால் சைக்கிள் நகர்ந்தது. முப்பது வருஷமாக நாற்காலியைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதருக்கு அதுவே பெரிய வெற்றி. இரண்டு தெரு சுற்றி, ஒரு குப்பைத்தொட்டியில் இடித்து வீடு வந்து சேர்ந்தார்.

"என் தம்பி சைக்கிளையா அறுத்தீங்க?" என்றாள் மனைவி. "வாசல் கேட்டைத் திறக்கவே என்னைக் கூப்பிடற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்த வயசுல சைக்கிளு?"

"உத்தரவு வந்திருக்குடி."

உத்தரவு நீர்ப்பாசன அலுவலகத்து உத்தரவு. அன்று காலை அவர் மேசைக்கு வந்திருந்தது. 'செயற்பொறியாளர் அவர்கள், தலைமை எழுத்தர் உடன்வர, பழைய பெருங்கால்வாயை மிதிவண்டியில் சென்று பார்வையிடுவார்கள். மதிய உணவு: வலது கரை, பதினெட்டாவது கிலோமீட்டர், ஆய்வு மாளிகை.' கீழே இவர் எல்லாக் காகிதத்திலும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற இனிஷியல், அதற்கு மேல் பச்சை மையில் பொறியாளரின் கையெழுத்து. நாள், பத்து நாள் தள்ளி.

"புதுசா வந்த ஆபீசர். சைக்கிள் பைத்தியம் போலிருக்கு."

"பைத்தியம் அவருக்கு. உங்களுக்கு என்ன வந்தது?"

"கதவு!" என்றார் அவர்.

மனைவிக்குப் புரிந்தது. அந்த அலுவலகத்தில் கண்காணிப்பாளருக்குத் தனி அறை உண்டு. அறைக்குக் கதவு உண்டு. சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும், வெளியே தெரியாது. முப்பது வருஷமாக நடுக்கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பழைய கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். இவர் பெயர் போட்ட பதவி உயர்வுக் கோப்பு பொறியாளரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்தது. இவருக்கும் ஓய்வு பெற இரண்டே வருஷம். இப்போது விட்டால் கதவு போய்விடும்.

"கோப்பையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு," என்றார் குரலைத் தாழ்த்தி. "நாள் பூரா சேர்ந்து சைக்கிள் விட்டுட்டு, மனசு குளிர்ந்து கையெழுத்துப் போடற மாதிரி."

"உடம்பு முழுசா திரும்பி வந்தா சரி," என்றாள் மனைவி.

பத்தாம் நாள் காலை, ஊர்க்கோடியில் கால்வாய்க் கரையில் பொறியாளர் காத்திருந்தார். தலையில் புதுத் தொப்பி, கையில் புதுக் கையுறை, காலில் புதுச் சப்பாத்து, பளபளக்கும் புது சைக்கிள். விலைச்சீட்டு மட்டும்தான் தொங்கவில்லை. தலைமை எழுத்தர் பார்த்த பார்வையிலேயே எடை போட்டுவிட்டார். ஆசாமி பழுத்த பேர்வழி.

"தயாரா?" என்றார் பொறியாளர்.

"ஆர்வத்துல பத்து நாளா தூக்கமே இல்ல சார்."

"எனக்கும்தான்," என்றார் பொறியாளர், தண்ணீரைப் பார்த்தபடி.

கால்வாய் இருநூறு வருஷத்துப் பழசு. ஊர்க்கரையில் ஒரு கல் நிற்கும்; கிலோமீட்டர் கணக்கும் அங்கிருந்துதான். கல்லில் இரண்டு பெயர். ஒருவர் வெட்டச் சொன்னவர், இன்னொருவர் திறந்து வைத்தவர். மண் சுமந்த ஆயிரக்கணக்கான பேருக்குக் கல்லில் இடம் போதவில்லை. தலைமை எழுத்தர் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார். பொறியாளர் பார்த்தாரா என்று பார்த்துவிட்டு இன்னொரு முறை கும்பிட்டார்.

"எந்தக் கரை?" என்றார் பொறியாளர்.

அங்கேதான் கணக்குப் பிசகியது. தண்ணீர் எதிரே வந்துகொண்டிருந்தது. இவர்கள் தண்ணீர் வரும் திசையில் போக வேண்டும். தலைமை எழுத்தர் தன் வலது கையைப் பார்த்தார். சோறு தின்கிற கை. தப்பே இல்லை.

"வலது கரை சார்," என்று வலது பக்கம் திரும்பினார்.

பொறியாளரும் சைக்கிளை அதே பக்கம் திருப்பினார். படித்த இருவரும் புறப்பட்டார்கள்.

பொறியாளர் ஓட்டுகிற முறையே தனி. முதுகு விறைப்பாக, கண் நேராக, கை கைப்பிடியை விட்டு ஒரு விரல்கூட எழும்பாமல் ஓட்டினார். பக்கத்தில் கொக்கு பறந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்த வேண்டுமானால் ஒரு மண்மேட்டைப் பார்த்து மெல்ல முட்டி நிறுத்தினார். 'இதுதான் முறையான ஓட்டம் போல,' என்று தலைமை எழுத்தர் தானும் ஒரு மண்மேட்டைத் தேடி முட்டினார். முழங்கால் தாடையில் இடித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்போலேர்ந்து இந்தப் பழக்கம்?" என்றார் பொறியாளர்.

"நடக்கறதுக்கு முன்னாடியே சைக்கிள்தான் சார். ஒரு நாள் மிதிக்கலைன்னா சாப்பாடு இறங்காது."

"ஒரு நாள்கூட விடறதில்லையா?"

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை சார்."

பொறியாளர் முகம் ஒரு மாதிரி ஆனது. பொறாமை என்று நினைத்துக்கொண்டார் தலைமை எழுத்தர்.

இரண்டு பக்கமும் சமவெளி. பாய் விரித்த மாதிரி. மேடு இல்லை, பள்ளம் இல்லை. நகரத்திலிருந்து கார் எடுத்து வந்து இதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மிதிக்கிறவனுக்கு வேறு சங்கதி. மலையில் ஏறினால் இறக்கமாவது சும்மா கிடைக்கும். சமவெளியில் சும்மா கிடைப்பது எதுவுமில்லை. மிதித்தால் நகரும், மிதிக்காவிட்டால் நிற்கும். தூரத்தில் ஒரு மரம் தெரியும். ஒரு மணி நேரம் மிதித்த பிறகும் அது தூரத்திலேயே தெரியும். போதாததற்குக் காற்று எதிரே நின்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

ஐந்தாவது கிலோமீட்டரில் பொறியாளர் கேட்டார். "முடியலைன்னா சொல்லுங்க. தப்பே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சோதிக்கிறார்! தலைமை எழுத்தர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எனக்கு இன்னும் உடம்பே சூடாகலை."

"சரி," என்றார் பொறியாளர்.

பதினெட்டாவது கிலோமீட்டர் கல் வந்தபோது உச்சிவெயில். ஆய்வு மாளிகை இருந்தது. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, மரநிழல். தாழ்வாரத்தில் மேசை. மேசையில் வெள்ளைத் துணி. சமையற்காரர் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். வெங்காயம் தாளித்த வாசனை காற்றோடு வந்து மூக்கில் ஏறியது.

எல்லாம் எதிர்க்கரையில்.

நடுவில் கால்வாய். ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர், நாற்பது அடி அகலம்.

இந்தப் பக்கம் ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். கரைக்காரர். எலி வளை அடைப்பதும், கரை உடையாமல் பார்ப்பதும் அவர் வேலை. இடுப்பு வரை சேறு.

"யோவ்! வலது கரையில இருக்க வேண்டிய மாளிகை ஏன்யா அந்தப் பக்கம் இருக்கு?" என்றார் தலைமை எழுத்தர்.

கரைக்காரர் மாளிகையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "அது எங்கேயும் நகரலீங்க. நீங்கதான் இடது கரையில நிக்கிறீங்க."

"இது என் வலது கைப்பக்கம்!"

"உங்க கை உங்களோட. கரை தண்ணியோடதுங்க. தண்ணி போற பக்கம் பார்த்து நின்னா வலது கைப்பக்கம் வலது கரை. நீங்க தண்ணி வர்ற பக்கம் பார்த்து வந்திருக்கீங்க."

முப்பது வருஷத்தில் 'வலது கரை' என்று பத்தாயிரம் தடவையாவது எழுதியிருப்பார் தலைமை எழுத்தர். வலது கரைக்கு மண் ஒதுக்கியிருக்கிறார், ஆள் ஒதுக்கியிருக்கிறார், ஆள் வரவில்லை என்று விளக்கம் கேட்டிருக்கிறார். அது எது என்று இன்றுதான் தெரிந்தது. அதையும் வெளியே சொல்ல முடியாது.

பொறியாளர் மண்மேட்டில் முட்டி நின்று, எதிர்க்கரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"எல்லாம் திட்டப்படிதான் சார்," என்றார் தலைமை எழுத்தர். வாய் தானாகப் பேசியது. "ஒரு கரையை மட்டும் பார்த்தா அது என்ன பார்வை? இந்தக் கரையில தலைமதகு வரைக்கும் போயிட்டு, அங்க பாலத்துல தாண்டி, அந்தக் கரையில திரும்பி வந்து சாப்பிடறோம். ரெண்டு கரையும் பார்த்த மாதிரி ஆச்சு."

"தலைமதகு எவ்வளவு தூரம்?"

"எட்டுதான் சார்."

"போக எட்டு. வர எட்டு."

"கணக்குல புலி சார் நீங்க!"

பொறியாளர் கண்ணை மூடித் திறந்தார். "உங்க உற்சாகம் யாருக்கும் வராது," என்றார்.

மறுபடியும் மிதித்தார்கள். கரைக்காரருக்கு வேலை முடிந்துவிட்டது. தலைமதகுப் பக்கம்தான் அவர் வீடு. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நடந்தே இவர்களைத் தாண்டிப் போனார். இவர்கள் சிரமப்பட்டு மிதித்து அவரைத் தாண்டினார்கள். தலைமை எழுத்தரின் சைக்கிள் சங்கிலி கழன்றது. கரைக்காரர் மறுபடி தாண்டினார்.

"ஏறிக்கறீங்களா?" என்றார் கரைக்காரர், தன் தோளைத் தட்டிக் காட்டி.

"போய்யா!"

தலைமதகு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கால்வாய் மேல் குறுகலான நடைபாலம். நடுவில் இரும்புக் கதவு. கதவில் பூட்டு.

"சாவி எங்கய்யா?"

"ஆபீஸ்ல," என்றார் கரைக்காரர்.

"எந்த முட்டாள் சாவியை ஆபீஸ்ல கொண்டுபோய் வெச்சான்?"

"மூணு வருஷம் முன்னாடி சுற்றறிக்கை வந்துச்சுங்க. பாதுகாப்பு கருதி எல்லாச் சாவியும் தலைமை எழுத்தர் மேசை டிராயர்ல இருக்கணும்னு. யாருங்க அந்தத் தலைமை எழுத்தரு? ஒரு நாள் பாக்கணும்."

தலைமை எழுத்தர் காது கேளாதவர் போல மதகின் இரும்புச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்ல உறுதி சார்," என்றார் பொறியாளரிடம்.

"நீ எப்படி தினமும் போறே?" என்று பொறியாளர் கரைக்காரரைக் கேட்டார்.

"சுத்தித்தாங்க."

காட்டினார். கதவின் விளிம்பைக் கட்டிப் பிடித்து, ஒரு காலைத் தண்ணீருக்கு மேலே வீசி, அந்தப் பக்கம் இறங்கினார். மூன்று வருஷமாக, நாளுக்கு இரண்டு தடவை. திரும்பி வந்து இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டு அதே மாதிரி போனார். பிறகு பொறியாளரைக் கை கொடுத்து இழுத்தார். பொறியாளர் கதவைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் விடவே இல்லை.

அடுத்து தலைமை எழுத்தர். முப்பது வருஷமாக ஒரு கதவுக்கு ஏங்கியவர் அன்று இன்னொரு கதவை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே தொங்கினார். கால் செருப்பு ஒன்று கழன்று தண்ணீரில் விழுந்தது. அது மட்டும் ஒரு சிரமமும் இல்லாமல் மிதந்து கீழ்நோக்கிப் போனது.

வலது கரையில் இறங்கி நிமிர்ந்தால், எதிரே ஜீப்.

அலுவலக ஜீப். ஓட்டுநர் தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்தார். "ரொம்ப நேரமாச்சே, என்னமோ ஏதோன்னு வந்தேன் சார். ஏறிக்கறீங்களா?"

பொறியாளர் அப்போது சற்றுத் தள்ளி, ஒரு கல்லில் கை ஊன்றி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜீப்பின் பின்புறத்து மெத்தை இருக்கை தலைமை எழுத்தரின் கண்ணுக்கு பஞ்சு பரப்பிய சொர்க்கம் மாதிரி தெரிந்தது. வலித்த இடமெல்லாம் 'ஏறு, ஏறு' என்றது. ஆனால் கோப்பு சைக்கிள் கேரியரில் இருந்தது. இன்னும் எட்டுதான். இங்கே போய் விட்டுக்கொடுப்பதா?

"ஜீப்பா?" என்று உரக்கக் கத்தினார், பொறியாளர் காதில் விழுகிற மாதிரி. "எங்களைப் பார்த்தா ஜீப்புல போற ஆளுங்க மாதிரியா இருக்கு? எடுத்துட்டுப் போய்யா! கண்ணுலயே படாதே!"

ஓட்டுநர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் எதற்கோ வாயைத் திறந்தார். அதற்குள் தலைமை எழுத்தர் ஜீப்பின் முன்மூடியில் இரண்டு தட்டு தட்டி அனுப்பியே விட்டார்.

"வந்த ஜீப்பு போயிடுச்சு போல," என்றார் பொறியாளர் மெல்ல.

"விரட்டிட்டேன் சார்!"

பொறியாளர் ஜீப் கிளப்பிய புழுதியைப் பார்த்தார். "ரொம்ப நன்றி," என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. புழுதியாக இருக்கும்.

மாளிகைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாடு ஆறிப் போய், மறுபடி சூடாகி, மறுபடி ஆறியிருந்தது. சமையற்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் உட்காரவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நின்றபடியே சாப்பிட்டார்கள்.

"காலையில திரும்பறதும் சைக்கிள்லதான் சார்?" என்றார் தலைமை எழுத்தர். கடைசி அம்பு.

பொறியாளர் கையைக் கழுவினார். "அந்தக் கோப்பைக் கொடுங்க."

நின்றபடியே பேனாவைத் திறந்தார். பச்சை மை. வேகவேகமாக ஐந்தாறு வரி எழுதினார், கையெழுத்துப் போட்டார், மூடிக் கொடுத்தார். "நீங்க கேட்டது கிடைச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தலைமை எழுத்தர் விளக்கடியில் போய்ப் பிரித்தார்.

'கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறது. பணியிடம்: கால்வாய்க் கடைக்கோடிப் பிரிவு. அங்கு அலுவலகக் கட்டடம் இல்லாததால் அன்றாடம் கரையிலேயே பணி. தினசரி இரு கரைகளையும் பார்வையிட வேண்டும். மிதிவண்டியில் இவருக்குள்ள அபாரமான ஈடுபாட்டை முன்னிட்டு, வாகனம் எதுவும் தேவையில்லை.'

மூன்று தடவை படித்தார். கட்டடம் இல்லை. கட்டடம் இல்லாவிட்டால் அறை இல்லை. அறை இல்லாவிட்டால்...

ஒரு கால் செருப்போடு நொண்டி நொண்டி வாசலுக்கு வந்தார். ஜீப் மரத்தடியில் நின்றது. ஓட்டுநர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாருய்யா இந்த அநியாயத்தை!" என்று கோப்பை ஆட்டினார். "உங்க ஐயாவுக்கு சைக்கிள் பைத்தியம்னா, அதை அவரோட வெச்சுக்கணும். மிதிவண்டியில பார்வையிடறேன்னு உத்தரவு போட்டு, கூட வந்த பாவத்துக்கு ஆயுசு பூரா என்னை மிதிக்க விட்டுட்டாரே!"

ஓட்டுநர் துடைப்பதை நிறுத்தினார்.

"அவரு போட்டாரா? என்ன சார் நீங்க... வருஷா வருஷம் 'மோட்டார் வண்டி'ன்னு உங்க மேசையிலேர்ந்து வர்ற காகிதத்துல இந்தத் தடவை 'மிதிவண்டி'ன்னு இருந்துச்சு, கீழ உங்க இனிஷியல் இருந்துச்சு, ஆபீஸ்ல பழைய ஆளு சைக்கிள்தான் கேட்கறாரு, மறுத்தா மேல மொட்டைக் கடுதாசி போட்டுடுவாருன்னு பயந்துபோய், அந்த மனுஷன் பத்து நாளா விடியக்காலையில மைதானத்துல என்கிட்டதான் சார் சைக்கிள் கத்துக்கிட்டாரு!"